ஒரே வாழைநார், இரண்டு லேப், இரண்டு பலம்: எதை நம்புவது?

திருவையாறு_நார் கேட்டது:

வணக்கம். திருவையாறு, நடுக்காவேரி பக்கம் தார் வெட்டிய பூவன் மரங்களிலிருந்து மிஷினில் நார் எடுக்கிறோம். ஒரே நாளில் எடுத்து ஒரே கொடியில் உலர்த்திய நாரை இரண்டாகப் பிரித்து, இரண்டு இடங்களுக்குச் சோதனைக்கு அனுப்பினோம்.

துணி சோதிக்கும் லேப் ரிப்போர்ட்: நுண்மை 24 டெக்ஸ், பலம் டெக்ஸுக்கு 27 சென்டிநியூட்டன், பிடிநீளம் (இழுக்கும்போது இரு பிடிகளுக்கு நடுவே உள்ள நாரின் நீளம்) 50 மி.மீ.

பொறியியல் கல்லூரி லேப் ரிப்போர்ட்: விட்டம் 190 மைக்ரான், பலம் 290 மெகாபாஸ்கல், பிடிநீளம் 20 மி.மீ.

பாய், பை செய்ய வாங்குபவர் முதல் எண்ணைக் கேட்கிறார். நாரை ரெசின் என்ற பிசினில் பதித்து ஷீட் போடுபவர் இரண்டாவது எண்ணைப் பார்த்துவிட்டு, "வாழைநார்னா 450-க்கு மேல இருக்கணும், உங்க நார் மட்டம்" என்று விலையைக் குறைக்கிறார். இதற்கு நடுவில் மருத்துவப் பொருள் செய்யும் ஒருவர், தையல்நூலோ நாப்கினோ செய்யத் தோதாகுமா, முடிச்சுப் பலம் எவ்வளவு என்று விசாரிக்கிறார்.

இரண்டு ரிப்போர்ட்டில் எது சரி? ஒன்றை மற்றொன்றாக மாற்ற வழி உண்டா? வீட்டிலேயே ஓரளவுக்குச் சோதித்துக்கொள்ள முடியுமா?

---

பாவு_ஊடை பதில்:

இரண்டும் சரியாகவே இருக்கலாம். இரண்டு லேபும் அளந்தது ஒரே நார்தான், ஆனால் "பலம்" என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள். துணி லேப் அறும் விசையை நாரின் எடைக்கணக்கால் (டெக்ஸ்) வகுக்கிறது, கல்லூரி லேப் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுக்கிறது, அதுதான் மெகாபாஸ்கல்.

நெசவுத் துறையில் நாரின் பருமனைப் பெரும்பாலும் விட்டத்தில் சொல்வதில்லை, எடையில் சொல்வோம். 1000 மீட்டர் நாரின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெக்ஸ். பட்டுக்காரர்கள் பேசும் டெனியர் என்பது 9000 மீட்டரின் எடை. பஞ்சோ பட்டோ வாழையோ, எதுவும் சரியான வட்டமாக இருப்பதில்லை என்பதால்தான் இந்த ஏற்பாடு. கோணல்மாணலான பொருளுக்கு விட்டம் சொல்வதைவிட எடை சொல்வது நேர்மையானது.

மாற்றும் கணக்கு எளிது. டெக்ஸுக்கு இத்தனை சென்டிநியூட்டன் என்ற எண்ணை நாரின் அடர்த்தியால் பெருக்கி, பத்தால் பெருக்கினால் மெகாபாஸ்கல். வாழைநாரின் அடர்த்தியைக் கன செ.மீ.-க்குச் சுமார் 1.35 கிராம் என்று வைத்தால், 27 × 1.35 × 10 = 365 மெகாபாஸ்கல். ஆகத் துணி லேப் சொன்னது 365, கல்லூரி சொன்னது 290.

இங்கேதான் எனக்கு ஒன்று இடிக்கிறது. குட்டையாகப் பிடித்து இழுத்தால் நார் அதிகம் தாங்கவேண்டும். கல்லூரி 20 மி.மீ.-இல் இழுத்திருக்கிறது, அங்கே எண் கூடியிருக்கவேண்டும், குறைந்திருக்கிறது. விட்டத்தை அளந்த இடத்தில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். முறிவுமுகம் வந்து சொல்லட்டும்.

ஈரத்தை மறக்காதீர்கள். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் எடுத்த அளவையும் சித்திரையில் எடுத்த அளவையும் ஒப்பிடக்கூடாது. இந்தியாவில் துணிச் சோதனைக்கு 27 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்பது வழக்கம். காய்ந்த எடையில் 10 சதவீதம் ஈரம் ஏறியிருந்தபோது 24 டெக்ஸ் காட்டிய நார், மழைக்காலத்தில் 15 சதவீதம் ஏற்றிக்கொண்டால் 25.1 டெக்ஸ் காட்டும். நார் தடிக்கவில்லை, தண்ணீரையும் சேர்த்து எடை போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

---

முறிவுமுகம் பதில்:

பாவு_ஊடை சந்தேகப்பட்டது சரி. கணக்கைப் போட்டுப் பார்த்தேன், ஆச்சரியப்படும் அளவுக்கு ஒத்துவருகிறது.

விட்டம் 190 மைக்ரான் என்று எடுத்து, வட்டம் என்று வைத்தால் குறுக்குவெட்டுப் பரப்பு 0.0284 சதுர மி.மீ. ஆனால் டெக்ஸிலிருந்து வரும் பரப்பு வேறு: 24-ஐ 1000-ஆலும் 1.35-ஆலும் வகுத்தால் 0.0178 சதுர மி.மீ.தான். வட்டமாக இருந்திருந்தால் விட்டம் 150 மைக்ரான்.

40 மைக்ரான் எங்கிருந்து கூடியது? வாழைநார் தட்டையானது. கண்ணாடித் தகட்டில் வைத்தால் அகலமான முகம் மேலே வரும்படி படுத்துக்கொள்ளும். மைக்ராஸ்கோப் பார்ப்பது எப்போதும் அகலப் பக்கத்தைத்தான். நாரை அச்சில் கால்வட்டம் திருப்பி இன்னொரு அளவும் எடுத்திருந்தால் 120 மைக்ரான் போலக் கிடைத்திருக்கும். 190, 120 இரண்டையும் வைத்து நீள்வட்டமாகக் கணக்கிட்டால் 0.0179 சதுர மி.மீ., எடைக் கணக்கோடு பொருந்துகிறது. பரப்பு விட்டத்தின் வர்க்கம், ஆகையால் விட்டத்தில் 10 சதவீதம் பிசகினால் பரப்பில் 21 சதவீதம் பிசகும்.

இனி கல்லூரி எண்ணைத் திருத்துவோம். 290 × 0.0284 = 8.2 நியூட்டன். உண்மையில் நார் அறுந்த இழுவிசை அது. அதை 0.0178-ஆல் வகுத்தால் சுமார் 460 மெகாபாஸ்கல். ஆக, 20 மி.மீ.-இல் 460, 50 மி.மீ.-இல் 365. இப்போது வரிசை சரியாக வந்துவிட்டது: குட்டை நார் பலமானது, நீள நார் பலவீனமானது.

காரணம், சங்கிலி எவ்வளவு பலமானாலும் மிக மெலிந்த கண்ணியில்தான் அறுபடும். நீளம் கூடக்கூட மோசமான கண்ணி அகப்படும் வாய்ப்பும் கூடும். பருத்தி நூலுக்கு இதைக் கணக்காக எழுதியவர் பியர்ஸ், 1926-இல். பொதுவாக எல்லாப் பொருளுக்கும் சூத்திரமாக்கியவர் வெய்புல், 1939-இல். அதற்கும் முன்பே, 1921-இல் வெளிவந்த ஆய்வில், கண்ணாடி இழை மெல்லிதாக ஆக ஆகப் பலம் ஏறுவதைக் கிரிஃபித் காட்டி, நுண்விரிசல்கள்தான் காரணம் என்றார். நெசவும் பொருளறிவியலும் தனித்தனியே நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்த விஷயம் இது. எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான்.

வெய்புல் கணக்கில் ஒரு எண் உண்டு, நாருக்கு நார் பலம் எவ்வளவு சிதறுகிறது என்று சொல்வது. உங்கள் இரண்டு அளவுகளிலிருந்தே அதை எடுக்கலாம்: நீளம் 2.5 மடங்கு, பலம் 1.26 மடங்கு, 2.5-இன் மடக்கையை 1.26-இன் மடக்கையால் வகுத்தால் 4-க்குப் பக்கத்தில் வரும். செடி நார்களுக்கு இது இயல்பான எண். உங்கள் நார் மட்டமில்லை. ரெசின் ஷீட்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அவர் அடுத்து என்ன கேட்கவேண்டும் என்றும் சொல்கிறேன். ஷீட்டுக்குள் போன நார் அறுகிறதா, உருவிக்கொண்டு வருகிறதா என்பதுதான் அவருக்கு முக்கியம். நாரின் பலத்தை விட்டத்தால் பெருக்கி, நாருக்கும் ரெசினுக்கும் உள்ள ஒட்டுப்பலத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவது, நாரின் முழுப் பலமும் பயன்படத் தேவையான குறைந்தபட்ச நீளம். 460 மெகாபாஸ்கல், 0.15 மி.மீ., ஒட்டுப்பலம் 5 மெகாபாஸ்கல் என்று வைத்தால் சுமார் 7 மி.மீ. அவர் 3 மி.மீ. துண்டாக வெட்டிப் போட்டால் 460 இருந்தாலும் 700 இருந்தாலும் ஒன்றுதான், நார் உருவிக்கொண்டு வந்துவிடும். உடைந்த முகத்தில் வெற்றுக் குழிகள் தெரிந்தால் ஒட்டவில்லை என்று பொருள். ஈர நாரைப் போட்டாலும் இதே கதி: ரெசின் இறுகும் சூட்டில் ஈரம் ஆவியாகிக் கொப்புளம் விடும்.

---

திருவையாறு_நார்:

மிக்க நன்றி. ஷீட்காரர், 5 சதவீதக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கொடுத்தால் பலம் கூடும் என்கிறார். கூடுமா?

---

முறிவுமுகம்:

எந்தப் பலம் என்று கேளுங்கள். காரம் போட்டால் மேற்பூச்சு மெழுகும் நாருக்குள் இருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற சேர்மமும் கரையும். 24 டெக்ஸ் நார் 20.4 டெக்ஸ் ஆகிறது என்று வையுங்கள். அறும் இழுவிசை 6.5-லிருந்து 6.0 நியூட்டனாகக் குறைந்தாலும், டெக்ஸுக்குக் கணக்கிட்டால் 27 என்பது 29-ஐத் தாண்டிவிடும். ரிப்போர்ட்டில் "பலம் கூடியது" என்று வரும், உங்கள் கையில் இருப்பதோ முன்பைவிடச் சீக்கிரம் அறும் நார். கயிறு திரிப்பவருக்கு அது நஷ்டம். ஷீட்காரருக்கு லாபம், ஏனென்றால் மெழுகு போன பரப்பில் ரெசின் நன்றாகப் பிடிக்கும்.

செய்வதானால் 100 கிராம் நாருக்கு 2 லிட்டர் தண்ணீர், 100 கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு ரப்பர் கையுறை கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். ஒரு மணி நேரம் போதும், பிறகு வழவழப்புப் போகும்வரை அலசி, கடைசி அலசலில் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விட்டு நடுநிலையாக்குங்கள். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் நாருக்குள் இருக்கும் செல்களைப் பிணைக்கும் பசையும் போய், நார் நாராகப் பிரிந்துவிடும்.

---

தையல்முடிச்சு பதில்:

மருத்துவக் கேள்விக்கு வருகிறேன். தையல்நூல் எண்ணத்தை விட்டுவிடுங்கள். செல்லுலோஸைச் செரிக்கும் நொதி மனித உடம்பில் கிடையாது. உள்ளே விட்ட செடி நார் கரையாமல் அப்படியே கிடக்கும், சுற்றிலும் உடம்பு கட்டி கட்டும். கரையும் தையல்நூல்கள் வேறு ரகம்: பாலிகிளாக்டின் நூல் இரண்டு வாரத்தில் முக்கால் பலத்தோடு நிற்கும், 56 முதல் 70 நாளுக்குள் முழுதும் கரையும். காயம் ஆறும் வேகத்துக்கும் நூல் தளரும் வேகத்துக்கும் பொருத்தம் பார்த்து எடுப்பதுதான் அங்கே கலை.

ஆனாலும் முடிச்சுப் பலத்தை ஏன் கேட்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. தையல்நூலை நேராக இழுத்த பலத்தை வைத்து யாரும் மதிப்பதில்லை, அறுவை முடிச்சுப் போட்டு இழுத்துத்தான் தரம் பார்ப்பார்கள். அமெரிக்க மருந்துத் தர ஏட்டின்படி (USP) 4-0 என்ற அளவுள்ள தையல்நூலின் விட்டம் 0.15 முதல் 0.199 மி.மீ.; கரையாத நூலில் முதல் வகுப்புக்கு முடிச்சுப் பலம் சராசரி 0.60 கிலோவுக்குக் குறையக்கூடாது. உங்கள் நார் அதே பருமன், நேராக இழுத்தால் 0.66 கிலோ தாங்குகிறது. பார்க்கப் பக்கத்தில் வந்துவிட்டது போலத் தெரியும். முடிச்சுப் போட்டால் கதை மாறும். தன்னைத்தானே சுற்றி வளையும் நாரின் வெளிப்பக்கம் கிட்டத்தட்ட 50 சதவீதம் நீளவேண்டும், வாழைநார் நீள்வதோ சில சதவீதம்தான். பட்டு 15 முதல் 20 சதவீதம் நீளும், போதாததற்கு 10, 12 மைக்ரான் இழைகள் பலவற்றைப் பின்னிச் செய்வதால் ஒவ்வொரு இழையும் குறைவாகவே வளைகிறது.

பூக்கட்டுபவர்கள் வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக் கிழித்துக் கட்டுவது இதே கணக்குதான். ஈரம் நாரின் பசையை இளக்கி முடிச்சில் வெடிக்காமல் காக்கிறது.

விட்டத்தைப் பற்றி இன்னொரு செய்தி. தையல்நூலின் விட்டத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதில்லை. எடை வைத்த அழுத்துபாதத்துக்கு அடியில் நூலை வைத்து அமுங்கிய நிலையில் அளப்பார்கள். ஆக, எடையில் ஒன்று, கண்ணில் ஒன்று, அழுத்தி ஒன்று என "பருமன்" மூன்றாகிவிட்டது. ரிப்போர்ட் வாங்கும்போது எது என்று எழுதி வாங்குங்கள்.

பட்டுக்கு இங்கே இடமுண்டு என்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. திருபுவனம் சேலைக்குப் பசை எடுக்க, சோப்பும் சோடாவும் போட்ட கொதிநிலைக்குக் கொஞ்சம் குறைந்த நீரில் பட்டை வேகவைக்கும்போது எடையில் சுமார் கால்பங்கு போகும். போவது செரிசின் என்ற அந்தப் பசை. சேலைக்கு அது பளபளப்புக்காக; தையல்நூலுக்கு, உடம்பு செரிசினை ஒத்துக்கொள்ளாமல் அழற்சி வரும் என்பதற்காக. வேலை ஒன்று, காரணம் வேறு.

நாப்கின் நல்ல யோசனை, ஆனால் அங்கே இழுபலம் தேவையே இல்லை, உறிஞ்சும் திறன்தான் வேண்டும். மருத்துவப் பஞ்சுக்குள்ள சோதனையை அப்படியே செய்து பாருங்கள்: ஐந்து இடத்திலிருந்து ஒவ்வொரு கிராமாக 5 கிராம் எடுத்து, மெல்லிய கம்பிக் கூடையில் தளர்வாக நிரப்பி, தண்ணீருக்கு 10 மி.மீ. மேலிருந்து படுக்கைவாட்டில் விடவேண்டும். மருத்துவப் பஞ்சு 10 நொடிக்குள் மூழ்கவேண்டும். எடுத்து வடியவிட்டு எடை போட்டால் ஒரு கிராமுக்கு 23 கிராம் தண்ணீராவது பிடித்திருக்கவேண்டும். மிஷினிலிருந்து வந்த பச்சை வாழைநார் இதில் தேறாது. மெழுகும், செடியை விறைக்க வைக்கும் லிக்னினும் தண்ணீரைத் தள்ளும். காரத்தில் வேகவைத்து, வெளுத்து, பஞ்சுபோல் பிரித்த பிறகுதான் சோதிக்க அர்த்தம்.

காய்ந்த நாரைச் சீவும் இடத்தில் முகக்கவசம் போடுங்கள். பருத்தித் தூசியிலும் சணல் தூசியிலும் வேலை செய்பவர்களுக்கு மூச்சுக்குழல் இறுகும் நோய் வருவது நெடுநாளாகத் தெரிந்தது, வாழைத் தூசியை மட்டும் நம்பவேண்டியதில்லை.

---

மட்டை_உரிப்பு பதில்:

லேப் பேச்சு எல்லாம் சரி. நார் மாறுவதற்குப் பாதிக் காரணம் களத்திலேயே இருக்கு.

ஒரே மரத்துல வெளிமட்டை நார் தடிப்பு, உள்மட்டை நார் மெல்லிசு. ரெண்டையும் ஒரே கட்டாக் கட்டுனா சராசரிக்கு மதிப்பே கிடையாது. வெளியில காய்ஞ்ச மட்டையைத் தள்ளிட்டு, மிச்சத்தை வெளி, நடு, உள் மூணாப் பிரிச்சுக் கட்டுங்க. தார் வெட்டின மரத்தை அன்னிக்கோ மறுநாளோ உரிச்சிடணும். வெச்சுப் போட்டா சாறு பழுப்பேறி, சோறு (மட்டைக்குள்ள இருக்குற சதை) நாரோட ஒட்டிக்கும். அப்புறம் எவ்வளவு சுரண்டினாலும் போகாது, எடையில மட்டும் கூடுதலாக் காட்டும்.

மிஷின்ல உருளைக்கும் தட்டுக்கும் நடுவுல இடைவெளி ரொம்ப நெருக்கமா வெச்சா நார் நசுங்கும். கண்ணுக்குத் தெரியாது, லேப்ல அறும். தளர்வா வெச்சா சோறு நிக்கும். காலையில முதல் நாலு மட்டையைப் போட்டுப் பார்த்துட்டு இடைவெளியைச் சரி பண்ணுங்க.

போர் தண்ணியில இரும்பு இருந்தா நார் கறுக்கும், வாழைச்சாறு துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா அப்படித்தான். ஆத்துத் தண்ணி வர்ற மாசத்துல வாய்க்கால் தண்ணியில அலசுன நாரையும் போர் தண்ணியில அலசுனதையும் தனித்தனியா வைங்க. உலர்த்துறது நிழல்ல.

---

பாவு_ஊடை:

வீட்டுச் சோதனை கேட்டிருந்தீர்கள், விட்டுப்போனது.

ஒரு மூடும் டப்பாவில் சின்னக் கிண்ணம் வைத்து, அடியில் கரையாத உப்பு தங்கும் அளவுக்குக் கெட்டியான உப்புக் கரைசல் ஊற்றுங்கள். டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். 65 இல்லைதான், ஆனால் தை மாதமும் கார்த்திகையும் ஒன்றாகிவிடும். பாக்கெட் உப்பே போடுங்கள். வேதாரண்யத்துக் களத்து உப்பில் மெக்னீசிய உப்பும் கலந்திருக்கும், அது ஈரப்பதத்தை இறக்கிவிடும். நார் கரைசலைத் தொடாமல் ஒரு நாள் கிடக்கட்டும்.

பிறகு நாரின் நடுப்பகுதியிலிருந்து 10 செ.மீ. துண்டுகள் 100 வெட்டுங்கள், மொத்தம் 10 மீட்டர். மில்லிகிராம் காட்டும் நகைக்கடைத் தராசில் எடை போடுங்கள். 0.240 கிராம் வந்தால் 24 டெக்ஸ். துண்டுகளைச் சரியாக 10 செ.மீ. வெட்டுவதில்தான் பிழை நுழையும்: 2 மி.மீ. கூடினால் 2 சதவீதம் போச்சு.

பலத்துக்கு, தபால் அட்டையில் 50 மி.மீ. ஜன்னல் வெட்டி, குறுக்கே நாரை நேராக வைத்து இரு முனையும் இரண்டு கலவை கொண்ட எபாக்சியால் ஒட்டுங்கள். சட்டென்று ஒட்டும் சூப்பர் பசை வேண்டாம், நாருக்குள் ஊறி ஏறி ஜன்னல் வரை விறைக்க வைத்துவிடும். மறுநாள் அட்டையின் மேல்முனையை ஆணியில் மாட்டி, கீழ்முனையில் ஒரு லிட்டர் பாட்டிலைத் தொங்கவிட்டு, ஜன்னலின் இரு ஓரங்களையும் கத்தரியால் நறுக்குங்கள். இப்போது சுமை முழுதும் நாரில். குழாய் வைத்த புனலால் தண்ணீர் விட்டு, 20, 30 நொடியில் அறும்படி வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். அறுந்ததும் பாட்டில், கீழ் அட்டை, தண்ணீர் எல்லாம் சேர்த்து எடை போடுங்கள். 660 கிராம் வந்தால் 6.5 நியூட்டன்.

ஒட்டிய இடத்தை ஒட்டி அறுந்தவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது பசையும் பிடியும் அறுத்தது. அவற்றைக் கழித்து 30 நாராவது மிஞ்சவேண்டும்.

---

திருவையாறு_நார்:

அடுத்த முறை லேபுக்கு அனுப்பும்போது விண்ணப்பத்தில் என்ன எழுதவேண்டும்?

---

முறிவுமுகம்:

பூவன், நடுமட்டை, உரித்த நாள், அலசிய தண்ணீர், காரம் போட்டதா இல்லையா என்பதை நீங்கள் எழுதிக் கொடுங்கள். லேபிடம் கேட்கவேண்டியவை: இரண்டு பிடிநீளத்தில், 20-உம் 50-உம், தலா 30 நார், ஒவ்வொரு நாருக்கும் அறும் இழுவிசை நியூட்டனில், சராசரி மட்டும் போதாது, பரப்பு எடையிலிருந்து எடுத்ததா விட்டத்திலிருந்தா, சோதித்த அறையின் ஈரப்பதம். பரப்பில் எவர் தப்பு செய்தாலும் இழுவிசை கையில் இருந்தால் பின்னால் திருத்திக்கொள்ளலாம். இந்த முறை கல்லூரி ரிப்போர்ட்டில் விட்டத்தை எழுதியிருந்ததால்தான் 290-ஐ 460 ஆக்க முடிந்தது. கோயம்புத்தூர் சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) போன்ற இடத்துக்கு அனுப்பினாலும் இதையே கேளுங்கள்.

---

மட்டை_உரிப்பு:

அனுப்புற கட்டுல அடி, நடு, நுனி எதுன்னு நூல் கட்டி அடையாளம் போட்டு அனுப்புங்க. மட்டையோட அடிப்பக்க நாரும் நுனிப்பக்க நாரும் ஒண்ணா இருக்காது.